நடமாடும் வீடும் ஒரு செம்புத் தண்ணீரும்

வாசக நேயர்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைப் பகலுணவின்போது இப் பகுதியை எதிரே விரித்துவைத்துக்கொண்டு உண்ணும் பழக்கமுடையோர், இன்று மட்டும் உண்டு முடித்துக் கைகழுவிய பின்னர் இதனைப் படிப்பது நலம். ஏனெனில் இவ்வாரம் நாம் பேசப் புகுவது மலசலகூடத்தைப் பற்றி.

பேசத் தகாத பொருள் இது என்று முகஞ்சுளிப்போர் இருக்கக்கூடும். ஆனால் இதனைப் பேசாமல் மறைத்தே வைத்திருந்ததனால் ஒரு மூதாட்டி பட்ட துன்பத்தை நான் நேரிற் கண்டவன். ஆகவே பேசுகின்றேன்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வீதியிற் கடுகண்ணாவை மலையை ஏறிக் கடந்தால், பேராதனைக்கு முன்னே வருவது பிலிமத்தலாவை. பித்தளை விளக்குகளும் தட்டங்களும் வெயிலில் மின்னும் கடைகளால் பெயர்பெற்ற ஊர் இது. இவ்வூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாழ்பவர் 82 வயது நிரம்பிய ஓர் ஆச்சி. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிற் பிறந்தவர். மணமுடித்து மலைநாட்டுக்கு வந்து 60 ஆண்டுகள் ஆகின்றன. தாய்வீட்டில் எஞ்சியிருப்பவர் அவருடைய தங்கை ஒருவர்தாம்.

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி போர்க்காலத்திற் பல ஆண்டுகள் மூடிக்கிடந்ததை நேயர்கள் அறிவர். 2002 இல் திறந்தது; 2006 இல் மீண்டும் மூடியது; 2009 இற் போர் முடிந்த பின்னர் மறுபடியும் திறந்தது. திறந்தபின் ஆச்சி சில தடவைகள் பஸ்ஸிற் போய்வந்தார். ஆனால் ஒவ்வொரு பயணமும் அவருக்கு ஒரு நோன்பாகவே இருந்தது. புறப்படும் நாளுக்கு முதல்நாள் மாலையே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். வழியில் ஒரு மிடறும் அருந்தமாட்டார். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். தம்புள்ளைக்கு அப்பால் அனல்வீசும் வெயில். ஆச்சியின் நாவோ வறண்டிருக்கும்.

காரணத்தை விளக்கவேண்டியதில்லை. ஆண்கள் மரத்தடியைத் தேடிக்கொள்வர். பெண்கள் எங்கே போவர்? முழங்கால் மடக்க முடியாத முதியவள் ஒருத்தி, வழுக்கும் தரையும் தாழில்லாக் கதவுமுள்ள வழித்தங்கல் மலசலகூடத்துள் எவ்வாறு நுழைவாள்? மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வாறு போய்வந்த ஆச்சிக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. சிறுநீர்ப்பையிற் கிருமி தொற்றியுள்ளது என்று வைத்தியர் கூறினார். நீர் போதிய அளவு அருந்தாமலும், நெடுநேரம் அடக்கியும் இருந்தால் கிருமிகள் வெளியேற வழியின்றிப் பெருகும் என்பது மருத்துவ உண்மை. அதன்பின் ஆச்சி பயணத்தை விட்டார். தங்கையின் முகத்தைத் தொலைபேசித் திரையிற் பார்ப்பதோடு அமைந்தார்.

இந்நிலையிலேதான் ஜெர்மனியில் வாழும் மூத்த மகன் சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தார். வீட்டிலிருந்த பழைய வானின் உட்புறத்தை மாற்றிப் படுக்கையும், சிறிய அடுப்பும், மூலையிலே தடுப்பமைத்து ஒரு மலசலகூடமும் பொருத்தினார். ஐரோப்பாவிற் குடும்பங்கள் இத்தகைய நடமாடும் வீடுகளிற் பயணஞ்செய்வது வழக்கம். தாயார் அப்பொழுது சுகவீனமுற்றிருந்தமையால், தாம் மட்டும் ஒருமுறை யாழ்ப்பாணம் போய்வந்து, வானை முற்றத்தில் நிறுத்திவிட்டு மீண்டும் கடல் கடந்தார். ஒன்பது மாதங்கள் அது வெயிலிலும் மழையிலும் அப்படியே நின்றது.

சென்ற மாதத்தில் ஒரு நாள் கோண்டாவிலிலிருந்து செய்தி வந்தது. தங்கை படுக்கையில் விழுந்துவிட்டார். “அக்காவை ஒருக்காற் பார்க்கவேணும்” என்கிறார். வெள்ளிக்கிழமை அதிகாலை புறப்படுவது என்று முடிவாயிற்று. வியாழன் மாலை, ஆச்சியின் பேரன் வானுக்குள் ஏறித் தொட்டியில் நீர் நிரப்பிப் பொத்தானை அழுத்தினான். நீர் வரவில்லை.

பேரன் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீட மாணவன். வேலிக்கு மேலாக என்னை அழைத்தான்.

“மாமா, வானிலுள்ள கொமட் வேலை செய்யவில்லை. யாரையாவது கூப்பிட்டுத் துப்புரவாக்குவிப்போமா?”

“யாரைக் கூப்பிடலாம், தம்பி?” என்று கேட்டேன்.

அவன் விடை கூறவில்லை.

நேயர்களே, “யாரையாவது” என்னும் அந்தச் சொல்லிலே ஒரு நீண்ட வரலாறு ஒளிந்திருக்கின்றது. நாம் வழங்கும் கக்கூசு என்னும் சொல் ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. அச் சொல்லை வீட்டில் வைத்துக்கொண்ட நாம், அதனைச் சுத்தஞ்செய்யும் பணியை மட்டும் வீட்டுக்கு வெளியே தள்ளினோம். கண்டி நகரிலே மகியாவை என்னும் இடத்தில் நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, நகரைத் துப்புரவாக வைத்திருக்கவென்று ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். நகரம் அவர்களாற் சுத்தமாயிற்று. ஆயினும் அழுக்கை உண்டாக்கியவர்களுக்கு இல்லாத இழிவு, அதனை அகற்றியவர்கள்மீது சுமத்தப்பட்டது. இந்தியாவில் மனிதர் கையால் மலமள்ளுவதைத் தடைசெய்ய 1993 இல் ஒரு சட்டமும், அது போதாமையால் 2013 இல் இன்னொரு சட்டமும் இயற்றவேண்டியிருந்தது என்றால், இவ்வழக்கம் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதை உணரலாம்.

இவற்றையெல்லாம் அந்த மாலைவேளையில் நான் அவனுக்குச் சொற்பொழிவாற்றவில்லை. “வா, முதலில் என்ன பிழை என்று பார்ப்போம்” என்று மட்டும் கூறினேன்.

இவ்விடத்தில் அக் கருவியின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். வீட்டு மலசலகூடத்தில் கிண்ணத்தின் கீழே குழாய் வளைந்திருக்கும். வளைவில் எந்நேரமும் நீர் தங்கிநின்று துர்நாற்றம் மேலேறாமற் காக்கும். இவ்வளைவை அமைத்து 1775 இல் உரிமம் பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் மணிக்கூட்டுத் தொழிலாளர். ஆனால் ஓடும் வண்டியில் இம்முறை பயன்படாது. மேடுபள்ளங்களில் நீர் தளும்பிப் போய்விடும். ஆகவே வண்டியிலே கிண்ணத்தின் அடியில் இழுத்து மூடும் ஒரு தகடும், அதனைச் சுற்றி இறப்பர் வளையமும் உண்டு. அதன் கீழே கழிவுப் பெட்டி. அதனை வெளிப்புறக் கதவுவழியே இழுத்தெடுத்துக் கொண்டுபோய் வெறுமையாக்கலாம்.

கழுவும் நீர் இருப்பதோ வேறொரு தொட்டியில். எங்கள் வானிலுள்ள தொட்டி ஏறத்தாழ 15 லீற்றர் கொள்ளும். அதனுள் மூழ்கியிருக்கும் சிறிய பம்பி, வண்டியின் 12 வோல்ற்று மின்சாரத்தால் இயங்கி, மெல்லிய குழாய்வழியே நீரைக் கிண்ணத்தின் விளிம்புக்கு ஏற்றும். பம்பியின் வாயில் ஒரு சல்லடை உண்டு.

“இப்பொழுது சொல், தம்பி. கழுவும் தொட்டிக்குள் என்ன இருக்கும்?”

“கிணற்றுத் தண்ணீர்தான், மாமா.”

“கழிவு?”

“அது கீழேயுள்ள பெட்டியில். அதைப் பெரியப்பா கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவன் தொட அஞ்சிய தொட்டியிற் கழிவின் துளியும் இல்லை! காரணம் பாராமற் கொண்ட அருவருப்பு இத்தன்மையதே. பொருளைத் திறந்து பார்ப்பதற்கு முன்னரே மனம் மூக்கைப் பொத்திக்கொள்கின்றது.

பிழை தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. எளிதானதிலிருந்து கடினமானதற்குச் செல்லவேண்டும். தொட்டியில் நீர் உண்டா? உண்டு. பற்றரியில் மின்சாரம் உண்டா? வண்டியின் உள்விளக்கு நன்றாக எரிந்தது. உருகி எரிந்துபோயிற்றா? எடுத்துப் பார்த்தோம், கம்பி முழுமையாக இருந்தது. அடுத்துப் பொத்தானை அழுத்திக் காதைத் தொட்டியோடு ஒட்டிக் கேட்டோம். உள்ளே மெல்லிய முனகல் ஒன்று எழுந்தது. ஓசையே இல்லையெனின் குற்றம் மின்சாரத்தில். ஓசை எழுந்தும் நீர் வரவில்லையெனின் குற்றம் நீரின் வழியில்.

வழியில் எந்த இடம்? கிண்ணத்தின் விளிம்பில் இணைந்திருந்த குழாயைக் கழற்றி, முனையை ஒரு வாளியிற் பிடித்துப் பொத்தானை மீண்டும் அழுத்தினோம். அங்கும் நீர் வரவில்லை. ஆகவே அடைப்பு விளிம்பிலுள்ள துளையில் மட்டும் அன்று. குழாயிலோ பம்பியிலோ இருத்தல்வேண்டும். இவ்வாறு ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வருவதே பொறியியல். மாணவமணிகள் இதனைப் பரீட்சை மண்டபத்துக்கு வெளியிலும் நினைவில் வைத்தல் நன்று.

உருகியை மறுபடி கழற்றி மின்சாரத்தைத் துண்டித்தோம். நீரும் மின்சாரமும் கூடுமிடத்தில் இது முதல் விதி. இறப்பர்க் கையுறை அணிந்து, வடிகுழாய்வழியே தொட்டியை வெறுமையாக்கினோம். பின்னர் பேரன் கையை உள்ளே விட்டுப் பம்பியைத் தூக்கி எடுத்தான். சல்லடையின் கண்கள் எல்லாம் வெண்மையான ஓடு படிந்து அடைபட்டிருந்தன. அதன்மேல் வழுவழுப்பான பாசி.

“இது சுண்ணாம்பு போலிருக்கிறதே, மாமா! எங்கள் ஊர்த் தண்ணீரில் இவ்வளவு சுண்ணாம்பு படிவதில்லையே?”

வாசலில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்த ஆச்சி இதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். “அது எங்கட ஊர்த் தண்ணியடா, ராசா. கோண்டாவிற் கிணத்துத் தண்ணியை வைத்துக் காய்ச்சினாற் கேத்தலுக்குள்ள வெள்ளை பிடிக்கும். பெரியவன் அங்க நிரப்பினதாயிருக்கும்” என்றார்.

ஆச்சி சொன்னது முற்றிலும் சரி. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேலமைந்தது. மழைநீர் அக்கல்லினூடாக இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே கிணற்றைச் சேர்கின்றது. மகன் அங்கு நிரப்பிய நீரின் மிச்சம் தொட்டியின் அடியிலே தங்கிவிட்டது. ஒன்பது மாத வெயிலில் நீர் ஆவியாய்ப் போக, சுண்ணாம்பு பம்பியின் வாயில் உறைந்தது. ஒளிபுகும் தொட்டியாதலின் பாசியும் வளர்ந்தது.

“பித்தளை விளக்குக்குப் பழப்புளி போடுறனாங்கள், இதுக்குத் தேசிக்காய் போட்டாற் போகாதோ, தம்பி?” என்றும் ஆச்சி வினவினார். போகும்; ஏனெனில் தேசிக்காயில் உள்ளது சித்திரிக்கமிலம். ஆனால் சாற்றோடு சக்கையும் சேர்ந்து மீண்டும் சல்லடையை அடைக்கும். ஆகவே சந்திக்கடையிலிருந்து சித்திரிக்கமிலத் தூள் வாங்கிவந்து, ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீருக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் கரைத்தோம். சல்லடையை அதில் இட்டதும் சிறு குமிழிகள் மேலெழுந்தன. கல்சியம் காபனேற்று அமிலத்தோடு சேரக் காபனீரொட்சைட்டு வெளியேறும் என்று பேரன் சமன்பாட்டையே ஒப்புவித்தான். சாதாரண தரப் பரீட்சைக்காக மனனஞ்செய்ததை அன்றுதான் அவன் கண்ணாற் கண்டான்.

ஒரு மணிநேரத்தின் பின் சல்லடையைப் பழைய பற்றூரிகையால் தேய்த்தோம். தொட்டியிலும் அதே கரைசலை ஊற்றி அரைமணி நேரம் வைத்து, இடையிடையே அலம்பினோம். குழாயினூடும் அதனைச் செலுத்தினோம். பின்னர் நல்ல நீரால் மும்முறை கழுவினோம். அமிலம் நெடுநேரம் தங்கினால் இறப்பர் கெடும். ஆதலாற் கழுவுதலில் அவசரம் கூடாது.

இங்கே இல்லத்தரசிகள் மறவாது குறித்துக்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. அமிலமும் குளோரீன் கலந்த வெளிற்றும் திரவமும் எக்காலத்தும் ஒன்றுசேரலாகாது. சேர்ந்தால் நச்சுவாயு எழும். சிறிய அறையிற் கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டையும் ஊற்றியோர் உயிரிழந்ததுமுண்டு. ஒரு நாளில் ஒன்றையே பயன்படுத்துக. கதவு சன்னல்களைத் திறந்துவைக்க.

மூடுதகட்டின் இறப்பர் வளையத்தையும் வெறும் நீரால் துடைத்து உலர்த்திச் சிறிது சிலிக்கன் பசை தடவினோம். தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் இதற்கு ஆகா. அவற்றால் இறப்பர் ஊதிப் பழுதாகும். இரவு பத்து மணியளவில் எல்லாவற்றையும் பொருத்தி, உருகியை இட்டுப் பொத்தானை அழுத்தினான் பேரன். நீர் கிண்ணத்தைச் சுற்றிச் சுழன்று இறங்கிற்று. பரீட்சைப் பெறுபேறு வந்த நாளிலும் அவன் முகத்தில் அத்தகைய மகிழ்ச்சியை நான் கண்டதில்லை.

“கழிவுப் பெட்டி நிறைந்தால் வழியில் எங்கே கொட்டுவது, மாமா? ஆற்றோரமாக...” என்று தொடங்கியவன் தானே நிறுத்திக்கொண்டான். நிறுத்தியது நன்று. பிலிமத்தலாவையின் ஓடைகள் மகாவலியைச் சேர்கின்றன. மகாவலி நீரின் ஒரு பகுதி பொல்கொல்லையில் 1976 முதல் சுரங்கவழியே திருப்பப்பட்டு வறண்ட வடக்குப் புலங்களை நோக்கிச் செல்கின்றது. நாம் இங்கு ஓடையிற் கொட்டுவது, அங்கு யாரோ ஒருவருடைய வயலிலும் குளத்திலும் சென்று சேரும். மலக்குழியோடு இணைந்த மலசலகூடத்திலேயே பெட்டியை வெறுமையாக்கவேண்டும். போமல்டிகைட்டு போன்ற கடுமருந்துகளைப் பெட்டியில் இட்டிருந்தால் அங்கும் தீமையே. மலக்குழியிற் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை அவை கொன்றுவிடும்.

நடமாடும் வீடு நம்மிடம் இல்லையே என்று கருதும் நேயர்களுக்கும் இதிற் பயனுண்டு. உங்கள் வீட்டுக் கழுவுதொட்டியின் மூடியைக் கடைசியாகத் திறந்துபார்த்தது எப்பொழுது? இன்றே ஒரு சோதனை செய்க. துணிக்கு இடும் நீலத்தைச் சில துளிகள் அத் தொட்டி நீரிற் கலந்து, அரைமணி நேரம் கழுவாமல் விடுக. கிண்ணத்தில் நீலம் தெரிந்தால், அடியிலுள்ள இறப்பர் அடைப்பான் ஒழுகுகின்றது என்பது பொருள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஒழுகினாலும் நாளொன்றுக்கு 288 லீற்றர் வீணாகும். அடைப்பானின் விலையோ சொற்பம். மாற்றுவதற்கு அரைமணி நேரம் போதும்.

பழைய தொட்டிகள் ஒருமுறைக்கு 9 லீற்றரும் அதற்கு மேலும் கொட்டும். புதியனவற்றுக்கு 6 லீற்றர் போதுமானது. பழைய தொட்டியுள்ளோர் ஒன்றரை லீற்றர்ப் போத்தல் ஒன்றில் நீர் நிரப்பி, மூடி, உள்ளே நிறுத்திவைத்தால், நாளுக்குப் பத்துமுறை கழுவும் வீட்டில் 15 லீற்றர் மிச்சமாகும். செங்கல் வைப்போர் உளர்; அது கரைந்து அடைப்பை உண்டாக்கும். வீட்டைப் பூட்டி நெடுநாள் வெளியூர் போவோர் தொட்டியை வெறுமையாக்கி மூடிச்செல்க. தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். அதற்கு வீட்டுக்காரர் திரும்பிவரும் நாள் தெரியவேண்டியதில்லை.

இவ் வேலைகளை வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் வேறுபாடின்றிக் கற்றுக்கொடுங்கள். தன் கையால் ஒருமுறை சுத்தஞ்செய்த பிள்ளை, அத்தொழிலைச் செய்யும் மனிதரைப் பின்னர் ஒருபோதும் இழிவாகப் பேசமாட்டான்.

வெள்ளிக்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு, குளிருக்குப் போர்வை போர்த்து ஆச்சி முற்றத்துக்கு வந்தார். பேரன் கைப்பிடித்து ஏற்றி, தடுப்புக் கதவைத் திறந்து, தாழ் போடும் விதத்தைக் காட்டி, பொத்தானை அவர் விரலாலேயே அழுத்துவித்தான். நீர் சுழன்றோடியதை ஆச்சி சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னர் என் மனைவியின் பக்கந் திரும்பி, “பிள்ளை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாவன்” என்றார்.

என் மனைவி உள்ளே ஓடிச் செம்பு நிறையக் கொண்டுவந்தாள். ஆச்சி அண்ணாந்து, கீழே வைக்காமல், முழுவதையும் குடித்து முடித்தார். அவர் பயணம் புறப்படும் வேளையில் தண்ணீர் அருந்தியதை நாங்கள் கண்டது அதுவே முதற்றடவை.

அன்று பிற்பகல் கோண்டாவிலிலிருந்து பேரன் தொலைபேசியிற் பேசினான். சகோதரிகள் இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டு ஒரே கட்டிலில் இருக்கிறார்களாம். வழியில் இரண்டு போத்தல் தண்ணீர் முடிந்துவிட்டதாம். திரும்பிவரும்போது தொட்டியில் எந்த ஊர்த் தண்ணீரை நிரப்புவது என்று கேட்டான்.

“எந்த ஊர்த் தண்ணீரானாலும் நிரப்பு, தம்பி. ஆனால் வீடு வந்து சேர்ந்தவுடன் கடைசித் துளிவரை வடித்துவிட்டு, மூடியைத் திறந்து காயவிடு” என்றேன்.